புரோட்டான் சிதைகிறதா என்று முதலில் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இயற்கையின் விசைகளை ஒன்றாக விளக்க முயலும் ஒருங்கிணைந்த கோட்பாடு என்றதும், துகள்களை அதிரும் நுண்ணிழைகளாகக் காணும் சரக் கோட்பாட்டுக்கு நாளிதழ்கள் தாவிவிடுகின்றன. சோதனைக்கு உட்பட்ட பகுதி விடுபட்டுப் போவது வருத்தம் தருகிறது.

மின்காந்த விசையும் வலுக்குறை அணுக்கரு விசையும் ஒன்றிலிருந்தே பிரிந்தவை என்பதற்கு 1983இல் ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் கிடைத்த, வலுக்குறை விசையைக் கடத்தும் டபிள்யூ, இசட் துகள்கள் வலுவான சான்று. அணுக்கருவைப் பிணைக்கும் வல்விசையையும் சேர்க்க 1974இல் ஹோவர்ட் ஜார்ஜை, ஷெல்டன் கிளாஷோ என்ற இயற்பியலாளர்கள் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதில் புரோட்டானை ஆக்கும் குவார்க்கு, எலக்ட்ரான் வகைத் துகளான லெப்டானாக மாறலாம். ஆகவே புரோட்டான் என்றாவது சிதைந்தாக வேண்டும்.

அந்தச் சிதைவைக் கண்டறியும் பொறிதான் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே. நிலத்துக்கடியில் 1,000 மீட்டர் ஆழத்தில் 50,000 டன் தூய நீர், சுற்றிலும் மங்கிய ஒளியையும் உணரும் 11,000க்கு மேற்பட்ட ஒளிப்பெருக்கிக் குழாய்கள். நீரிலுள்ள ஒரு புரோட்டான் சிதைந்தால் ஒரு பாசிட்ரானும் (நேர்மின் எலக்ட்ரான்) பையான் என்ற குறுவாழ்வுத் துகளில் மின்னூட்டமற்ற ஒன்றும் வரலாம். பையான் உடனே இரண்டு காமாக் கதிர்களாகும். நீரில் ஒளிவளையங்கள் தெரியும். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற நுண்துகள் மோதினாலும் இதே போன்ற வளையங்கள் வரும் என்பதுதான் தொல்லை. எனவே மொத்த ஆற்றல் புரோட்டானின் நிறைக்கு ஈடாகிறதா, மொத்த உந்தம் சிறியதா என்று இரண்டையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

1996 முதல் உறுதியான ஒரு நிகழ்வுகூடச் சிக்கவில்லை. ஒரு புரோட்டான் இந்த வழியில் சிதைய சராசரியாக 10இன் 34ஆம் அடுக்கு ஆண்டுகளுக்கும் மேலாகும் என்பது இப்போதைய வரம்பு. 1974ஆம் ஆண்டின் எளிய மாதிரி அதற்கு முன்பே வீழ்ந்துவிட்டது. இன்னும் சேராத ஈர்ப்பு விசையின் சிக்கல் வேறு: வழக்கமான குவாண்டம் கணக்கில் முடிவிலிகள் புதிது புதிதாக முளைக்கின்றன, அடக்க முடிவதில்லை.

அடுத்ததாக 2,60,000 டன் நீருடன் ஹைப்பர் கமியோகாண்டே உருவாகிறது. அதைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்