கடைசிச் சுற்று வரை அந்த ரேடியோவை அணைக்காதீர்கள்

நாசா, ரஷ்யாவின் ராஸ்காஸ்மோஸ், ஜப்பானின் ஜாக்ஸா, ஐரோப்பிய விண்வெளி முகமை, கனடா விண்வெளி முகமை ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தைச் சுற்றுப்பாதையிலிருந்து இறக்கிக் கடலில் விழவைக்கத் திட்டமிட்டிருக்கிறீர்கள். இறக்காதீர்கள் என்று கெஞ்ச வரவில்லை. 1998-இல் ஏவிய அதன் முதல் கூடமான சார்யா இன்னமும் அதில் ஒரு பகுதி. ஸ்வெஸ்தா என்ற ரஷ்யக் கூடத்தின் கோடியில் 2019-இல் தெரிந்த காற்றுக் கசிவு உங்களை வருடக்கணக்காக அலைக்கழித்தது. நிலையம் 400 டன்னுக்கு மேல் கனம். போக்கில் விட்டால் யார் கூரையில் விழும் என்று சொல்ல முடியாது. 1979-இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் ஆஸ்திரேலியாவில் சிதறியபோது, குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதியது எஸ்பரன்ஸ் ஊராட்சி. (அந்த ஊராட்சிக்கு என் வணக்கம்.) பசிபிக்கில் பத்திரமாக இறக்குங்கள்.

நான் கேட்பது வேறு. நான் ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசும் உரிமம் பெற்றவன். மொட்டைமாடியில் ஆன்டெனாவைக் கையில் பிடித்து, 145.800 மெகாஹெர்ட்ஸில் உங்கள் நிலையத்தைக் கேட்டு வருகிறேன். ஒரு முறை தலைக்கு மேல் வந்தால் பத்து நிமிடம் கிடைக்கும். ஏறி வரும்போது அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் போல மேலே நிற்கும், உச்சி தாண்டியதும் கீழே சரியும். கை தானாகத் திருகிக்கொண்டே இருக்கும். சில நாள் வீரர் ஒருவர் எங்கோ ஒரு பள்ளிப் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்வார். சில நாள் கீச்சுக் கீச்சென்ற ஒலி. அதைக் கணினியில் பிரித்தால் கோடு கோடாக ஒரு படம் இறங்கும். நிலையத்தின் கொலம்பஸ் கூடத்திலுள்ள ரிப்பீட்டர் (கேட்கும் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரேடியோ) வழியாக முன்பின் தெரியாதவர்களோடு பேசியிருக்கிறேன்.

உங்கள் திட்டப்படி, கடைசிக் குழு கிளம்பிய பிறகும் நிலையம் சில மாதம் ஆளில்லாமல் தாழ்ந்துகொண்டே சுற்றும். அந்த மாதங்களில் ரிப்பீட்டரை ஓடவிடுங்கள். விண்நடையின்போதும் கலங்கள் வந்து இணையும்போதும் பாதுகாப்புக்காக அணைக்கிறீர்கள். அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. நிலையத்தைக் கீழே இறக்க வரும் இழுவைக்கலம் எஞ்சினை மூட்டும் நேரத்திலும் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அது குடிக்கும் மின்சாரம் கொஞ்சம்தான்.

ஆளில்லாத இடத்தில் ரேடியோ எதற்கு என்பீர்கள். 2006-இல் பழைய ஓர்லான் விண்ணுடை ஒன்றுக்குள் ரேடியோவைத் திணித்து நிலையத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது நீங்கள்தானே? அந்த வெற்று உடுப்பின் நலிந்த குரலைப் பிடிக்க உலகம் முழுக்க ஹாம்கள் ராத்தூக்கம் கெட்டோம். 1991-இல் சோவியத் நாடே கலைந்துகொண்டிருந்தபோது மீர் விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர் செர்கெய் கிரிக்கலியோவுக்கும் ஹாம் ரேடியோ துணையாக இருந்தது. 2000 நவம்பரில் இந்த நிலையத்தில் குடியேறிய முதல் மூவரில் அவரும் ஒருவர். அன்றிலிருந்து அங்கே ஆள் இல்லாத நாளே கிடையாது. வீடு காலியான பிறகு எங்களுக்கு மிஞ்சப்போவது அந்த ஒலி மட்டும்தான்.

கூடவே ஒரு சிறு வேண்டுகோள்: இறுதி நாளின் பாதையையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவியுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நள்ளிரவில் கடந்தாலும் சரி, மாடியில் நிற்பேன்.

இப்படிக்கு,
145.800-இல் காது வைத்திருக்கும் ஒருவன்