உன் கைக்கு எந்த மட்டை

அன்பு மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். உம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. லாத்தா பிள்ளைகளோடு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கீழக்கரைக் கடல் கலங்கிக் கிடக்கிறது, நாட்டுப் படகுகள் பாதிக்குமேல் கரையில்தான்.

போனில் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நெனச்ச இடத்துல பந்து விழணும் வாப்பா, அதுக்கு ஒரு டென்னிஸ் மட்டை பேர் சொல்லுங்க" என்றாய். பெயர் சொல்வது ஒரு நிமிட வேலை. துபாய்க் கடையில் நான் மட்டைகளுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பெயரை மட்டும் கேட்டு வாங்கிப்போன எத்தனையோ பேர் அதே மட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, யாருக்காவது விற்றுத் தர முடியுமா என்று கேட்டு நின்றிருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

இத்தனை வருஷம் ஆடி உன் வீச்சு முழுதாக அமைந்துவிட்டது. தோளிலிருந்து நீளமாக வீசுகிறாய், பந்தைப் பெரும்பாலும் தட்டையாக அடிக்கிறாய். வேகம் உன் கையிலேயே இருக்கிறது. இப்போது நீ வைத்திருக்கும் தடித்த ஃபிரேம், 100 சதுர அங்குலத் தலை (நரம்பு கட்டிய வட்டம்), உன் வேகத்தின்மேல் தன் வேகத்தையும் ஏற்றுகிறது. நன்றாகப் பட்ட பந்துகூடக் கோட்டைத் தாண்டி விழுவது அதனால்தான். தாண்டிவிடுமோ என்று நீ வீச்சைச் சுருக்குகிறாய், சுருக்கினால் நெட்டில் போய் முட்டுகிறது. நீ அனுப்பிய வீடியோவில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் கையில் குற்றம் இல்லை, மட்டைதான் மாறவேண்டும்.

பந்து நரம்பில் தங்கியிருப்பது ஏறக்குறைய ஐந்து மில்லி செகண்டுதான். அந்த நேரத்துக்குள் நரம்பும் வளைகிறது, ஃபிரேமும் வளைகிறது. நரம்பு வாங்கிய வேகத்தில் பெரும்பங்கைப் பந்துக்கே திருப்பித் தந்துவிடும். ஃபிரேம் அப்படித் தராது. அது வளைந்து நிமிர்வதற்குள் பந்து கிளம்பிப் போயிருக்கும். ஆகவே ஃபிரேம் எவ்வளவு விறைப்போ, பந்துக்கு அவ்வளவு வேகம். எவ்வளவு வளைகிறதோ, அவ்வளவு வேகம் குறையும், கைக்கும் அதிர்ச்சி குறையும். விறைப்பை ஆர்.ஏ. என்ற எண்ணால் அளப்பார்கள். வேகத்துக்கென்று செய்த மட்டைகளில் அது 70ஐ ஒட்டி இருக்கும். நீ தேடவேண்டியது 60 முதல் 65 வரை. ஃபிரேமின் தடிமனும் 20 முதல் 23 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். உன் பழைய மட்டையில் அது நடுப்பகுதியில் 26 மில்லிமீட்டர், கடைக்குப் போனால் பக்கத்தில் வைத்துப் பார்.

தலையின் அளவைப் பற்றி உன் சேக்காளி ஒருவர், சின்னத் தலை இருந்தால்தான் உண்மையான ஆட்டக்காரன் என்று சொன்னாராம். அதைக் கேட்காதே. ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனது, 70 சதுர அங்குலத்தைத் தாண்டாத தலைகொண்ட மர மட்டையோடு. இரண்டு தடவையும் அவரைத் தோற்கடித்தவர்தான் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றார், முதலில் நீல் ஃப்ரேசர், அடுத்து ராட் லேவர். கிருஷ்ணன் பந்தை ஓங்கி அடித்து ஜெயித்தவர் இல்லை, வைத்து ஜெயித்தவர். மகன் ரமேஷும் அதே வழிதான்: 1986 விம்பிள்டன் கால் இறுதி, 1987 அமெரிக்க ஓப்பன் கால் இறுதி. இந்த இரண்டு பேரின் ஆட்டத்தையும் நான் உயிராக நேசிக்கிறேன், உனக்கும் சிறு வயதிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்கள் எதிரே வந்த பந்தும் மர மட்டையிலிருந்து வந்தது, அல்லது அதற்கு அடுத்த தலைமுறை மட்டையிலிருந்து. இன்று உனக்கு வருகிற பந்தின் வேகமும் சுழலும் வேறு. ஃபெடரரே பல காலம் 90 சதுர அங்குலத்தில் ஆடிவிட்டு 2014ல் 97க்கு மாறினார். உனக்கு 97 அல்லது 98 போதும். அதற்குக் கீழே போகாதே.

நரம்பு பின்னலைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. நெடுக்கில் 16, குறுக்கில் 19 என்பது இன்று அதிகம் விற்கும் பின்னல். நெடுக்கில் 18, குறுக்கில் 20 என்பது நெருக்கமான பின்னல். நம் கடற்கரையில் நண்டு வலையையும் சாளை வலையையும் கையில் வாங்கி இழுத்துப் பார்த்திருப்பாய், கண்ணி பெரிதாக இருக்கும் வலையில் ஒவ்வொரு நூலும் இஷ்டத்துக்கு நகரும், சிறு கண்ணியில் அசையாது. மட்டையிலும் அதுதான். 16×19ல் நெடுக்கு நரம்பு பந்தோடு சறுக்கிப்போய்த் தன் இடத்துக்குத் துள்ளித் திரும்பும். அதனால் சுழல் கூடும், பந்து சற்று மேல்நோக்கிக் கிளம்பும். 18×20ல் நகர்வு குறைவு, பந்து தாழ்வாகக் கிளம்பும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் கிளம்பும். தட்டையாக அடிக்கிற உனக்கு வேண்டியது இந்த ஒழுங்குதான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கல்லூரி மைதானத்துச் சிமெண்ட் தளத்தில் காற்றை எதிர்த்து ஆடியிருக்கிறோமே, அங்கே உயரத் தூக்கிய பந்து எதுவும் நினைத்த இடத்தில் இறங்கியதில்லை. நெட்டுக்கு ஒரு முழம் மேலே போன பந்துதான் போய்ச் சேர்ந்தது.

நெருக்கப் பின்னலில் ஒரு சிரமமும் உண்டு. நரம்புப் பரப்பு கட்டையாகத் தோன்றும், நடுவை விட்டு விலகிப் பட்டால் பந்து செத்துப்போய்க் குட்டையாக விழும். குட்டைப் பந்தை எதிராளி சும்மா விடமாட்டார். அதற்கு மருந்து நரம்பைத் தளர்த்திக் கட்டுவது. 16×19ல் 54 பவுண்டு இறுக்கம் போடுகிறவர் 18×20ல் 50, 51 போதும் என்று இறங்கிவிடலாம். பழைய எண்ணையே புது மட்டையிலும் போட்டுவிட்டு, மட்டை பலகைபோல இருக்கிறது என்று குறைசொல்கிறவர்கள் ஏராளம்.

இனி எடை. பெட்டியில் 305 கிராம் என்று எழுதியிருப்பது நரம்பு இல்லாத எடை. நரம்பு போட்டால் 16, 17 கிராம் ஏறும், கைப்பிடிக்கு மேல்சுற்றுப் பட்டை ஒன்று சுற்றினால் இன்னும் ஐந்து கிராம். ஆக நீ கையில் பிடிப்பது 325 கிராமுக்கு மேலே. எடை இருந்தால்தான் வேகமான பந்துக்கு எதிரே மட்டை பின்வாங்காது, ஓரத்தில் பட்டாலும் கைக்குள் திரும்பாது. கட்டுப்பாடு என்பதில் பாதி இந்த அசையாமைதான். ஆனால் எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது பெரிது. மட்டையின் நீளம் 27 அங்குலம், அதாவது ஏறக்குறைய 685 மில்லிமீட்டர். நட்டநடு 342. நீ பார்க்கும் மட்டைகள் கைப்பிடி முனையிலிருந்து 310 முதல் 320க்குள் சமநிற்கும், நரம்பு இல்லாதபோது. எடை கைப்பக்கம் இருப்பதால் கனமான மட்டையையும் நெட் அருகே சட்டென்று திருப்பலாம். வீட்டில் ஒரு ஸ்கேலின் விளிம்பில் வைத்து நீயே அளந்துகொள்ளலாம். கடையில் ஸ்விங் வெயிட் என்றும் ஒரு எண் சொல்வார்கள், வீசும்போது தெரிகிற பாரம் அது. நரம்போடு 320 முதல் 330 வரை உனக்குச் சரி. 335ஐத் தாண்டினால் மூன்றாம் செட்டில் கை தாமதிக்கும். துபாய்க் கோடையில் ராத்திரி எட்டு மணிக்கும் சட்டை பிழிய வேர்க்கும், அந்த நேரத்தில் உன் கை எப்படி இருக்கும் என்பதை வைத்துக் கணக்குப் போடு. காலையில் கடையில் தூக்கிப் பார்க்கிற கையை வைத்துப் போடாதே.

இப்போது பெயர்கள். எனக்கு முதல் விருப்பம் வில்சன் பிளேட் 98, 18×20 பின்னல். 305 கிராம், 21 மில்லிமீட்டர், நன்றாக வளையும். இரண்டாவது யோனெக்ஸ் பெர்செப்ட் 97. 310 கிராம், ஆனால் பின்னல் 16×19. கைக்கு மென்மை, உன் முழங்கை வலியை நினைத்துத்தான் இதைச் சேர்க்கிறேன். பாபோலா பியூர் ஸ்ட்ரைக் 98லும் 18×20 உண்டு, அதுவும் 305 கிராம், விறைப்பு மட்டும் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். பெரிய தலையை விட மனமில்லை என்றால் ஹெட் கிராவிட்டி புரோ: 100 சதுர அங்குலம், 18×20, 315 கிராம். அது நெடிய வீச்சுக்காரர்களின் மட்டை, நீ எடுத்தால் நான் தடுக்கமாட்டேன். ஃபெடரர் கையெழுத்துப் போட்ட 97 மட்டை நரம்பில்லாமலே 340 கிராம். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், வேலை முடிந்து வந்து ஆடுகிற உனக்கு அது வேண்டாம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் கையில் தெரிகிற வண்ணத்தை வைத்தும் முடிவுசெய்யாதே. பலருடைய மட்டை அவரவருக்கென்று எடை ஏற்றித் தனியாகச் செய்தது, கடையில் தொங்குவதோடு வண்ணம் மட்டும்தான் ஒன்று.

புது வடிவம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே. பிளேட் 2019ல் ஒன்று, 2021ல் ஒன்று, 2024ல் ஒன்று என்று வந்தது. புதியது வந்ததும் முந்தியது விலை இறங்கும். அளவுகள் அதேதான் என்றால் இறங்கியதை வாங்கு.

மட்டைக்கு இவ்வளவு யோசிக்கிறவர்கள் நரம்பை மட்டும் கடைக்காரர் கையில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் வரும். 1997ல் பிரேசில் ஆட்டக்காரர் குயெர்டன், லக்ஸிலான் கம்பெனியின் பாலியெஸ்டர் (பாலி) நரம்போடு பிரெஞ்சு ஓப்பனை ஜெயித்த பிறகு உலகமே அதன் பின்னால் போனது. முழு வீச்சு வீசினாலும் பந்து தாண்டாது, சுழல் நன்றாக ஏறும், எல்லாம் உண்மை. ஆனால் அது கைக்குக் கடினம், கட்டிய இறுக்கமும் சீக்கிரம் போய்விடும். அறுந்துபோகாததால் உயிரோடு இருக்கிறது என்று நினைத்து மாதக்கணக்கில் ஆடுவார்கள், முழங்கை வெளிப்பக்கம் வலி தொடங்கும். உனக்குப் போன வருஷமே அந்த இடத்தில் வலி வந்தது. ஆகவே முழுக்க மல்டிஃபிலமென்ட், மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்துச் செய்த மென்மையான நரம்பு, போடு, 52 பவுண்டு. நெருக்கப் பின்னலில் அது உரசித் தேய்வதும் மெதுவாகத்தான். கூடக் கொஞ்சம் அடக்கம் வேண்டும் என்று தோன்றினால் நெடுக்கில் மல்டி, குறுக்கில் மென்மையான பாலி, 50 பவுண்டு. ஃபெடரர் நெடுக்கில் இயற்கை நரம்பும் குறுக்கில் பாலியும் கட்டியதும் இதே கணக்கில்தான். இயற்கை நரம்பு மாட்டுக் குடலில் செய்வது, அதைப்போல மென்மை வேறு எதிலும் கிடையாது. ஆனால் ஈரம் பட்டால் கெடும், நம் ஊர் உப்புக் காற்றில் வைக்கவே முடியாது. எதைக் கட்டினாலும் மட்டையைக் காருக்குள் வெயிலில் விடாதே, அங்கேயே இறுக்கம் இறங்கிவிடும். முழங்கை முழுதும் ஆறும்வரை தனிப் பாலி கூடாது, இதில் வாப்பா சொல்லைத் தட்டாதே.

வாங்குவதற்கு முன் கடனாக வாங்கி ஆடிப் பார். அரைமணி நேரம் சும்மா தட்டிப் பார்த்தால் எல்லா மட்டையும் நல்ல மட்டைதான். புள்ளி எண்ணி முழு ஆட்டம் ஆடு. ஓடிப்போய் நீட்டி எடுக்கிற பந்து எங்கே விழுகிறது, வேகமான சர்வை வெறுமனே தடுத்துத் திருப்பும்போது கைக்குள் மட்டை புரள்கிறதா, கால்மாட்டில் வருகிற பந்தைத் தரையில் படுமுன் எடுத்தால் அது நெட்டைத் தாண்டுகிறதா, இவற்றைப் பார். தாண்டி விழுந்த பந்தும் குட்டையாக விழுந்த பந்தும் எத்தனை என்று யாரையாவது குறிக்கச் சொல். தாண்டுவது குறைந்து குட்டை கூடினால் மட்டையை மாற்றும் முன் இரண்டு பவுண்டு தளர்த்திப் பார். தளர்த்தியும் குட்டைதான் என்றால் அந்த மட்டை உனக்குக் கனம். மட்டை கைக்குள் புரண்டால் தலையின் இரு பக்கத்திலும், கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில், ஈயப் பட்டை இரண்டிரண்டு கிராம் ஒட்டு. முதலில் குறைவாக ஒட்டு, கூட்டுவது எப்போதும் முடியும்.

கைப்பிடி உனக்கு மூன்றாம் அளவு. பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடது ஆள்காட்டி விரல் நுழைந்தால் சரி. சிறியதை எடுத்தால் இறுக்கிப் பிடிப்பாய், அதுவும் முழங்கைக்கு ஆகாது.

இரண்டு மட்டை வாங்குவதானால் கடையிலேயே இரண்டையும் தராசில் வைக்கச் சொல். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனாலும் சில கிராம் வித்தியாசம் இருக்கும், சமநிலையும் மாறும். ஒத்துப்போகிற ஜோடி கிடைக்கும்வரை அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லக் கூச்சப்படாதே, காசு உன்னுடையது.

பெருநாளைக்கு வரும்போது, இன்ஷா அல்லாஹ், இரண்டையும் நரம்பு போடாமலே எடுத்து வா. தெருப் பையன்களின் ஷட்டில் மட்டைகளுக்காக என் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பவுண்டு அளவையும் சரிபார்த்து வைத்திருக்கிறேன். மல்டி நரம்பை அங்கேயே வாங்கிவிடு, 1.30 மில்லிமீட்டர். ஒரு மட்டைக்கு 12 மீட்டர் ஆகும், ஒரு கட்டு கூடுதலாக எடுத்துக்கொள். மட்டைகளின் எடையையும் சமநிலை அளவையும் வாங்கிய அன்றே எனக்கு எழுதி அனுப்பு.

துஆவுடன்,
உன் வாப்பா
கீழக்கரை