பாஸ்போட் மட்டும் போதாது, பிள்ளை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ டோஹாவில் இருந்து ஃபோன் எடுத்தபோது அம்மா வடிவாகக் கதைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். "பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்குத்தானே அம்மா, நர்சிங் படிக்க லோன் தருவார்கள்" என்று நீ சொன்னதும் எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

உன் மாமாவின் மகனும் இதைத்தான் சொன்னான். இங்கே பிரிட்டனில் பிறந்து, ஐந்து வயதில் சென்னைக்குப் போய், பதினெட்டில் பாஸ்போட்டோடு வந்து இறங்கினான். பல்கலைக்கழகம் அவனை வெளிநாட்டு மாணவன் என்று பதிந்தது. ஃபீஸ் இரண்டு மடங்குக்கும் மேல், லோனும் இல்லை. மூன்று வருஷம் ஒரு கடையில் இரவு வேலை செய்த பிறகுதான் படிக்கப் போனான். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவன் எங்கள் வீட்டுப் படியில் இருந்த கோலம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நீ படிக்கப்போவது செப்டம்பரில். அப்படியென்றால் 2025 செப்டம்பர் 1-ஆம் திகதிக்கு முந்திய மூன்று வருஷமும் உன் வழமையான வசிப்பிடம் இந்த நாடாக இருந்திருக்க வேண்டும். நீ போனது 2021-இல். மேலோட்டமாகப் பார்த்தால் இடிக்கும். ஆனால் தற்காலிக வேலைக்காக வெளிநாடு போனவர்களை இங்கேயே இருந்தவர்களாக எடுத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. உன் விஷயம் முழுக்க அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது: தற்காலிகம். அதை நீதான் காட்ட வேண்டும்.

டோஹா ஸ்கூலில் உன் வேலை ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்குத்தானே, பிறகு ஒரு தரம் நீட்டினார்கள்? தொடங்கிய திகதியும் முடியும் திகதியும் தெளிவாக இருக்கிற இரண்டு பிரதியும் வேண்டும். இது குறிப்பிட்ட காலத்துக்கான வேலை என்று தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் கேள், ஸ்கூல் முத்திரையோடு. வெட்கப்படாமல் கேள். ஒவ்வொரு கோடை லீவுக்கும் இங்கே வந்தாயே, அந்த டிக்கெட்டுகள் ஈமெயிலில் கிடக்கும். உன் பெயருக்கு வந்த வங்கிக் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மேல் அறை அலுமாரியில், நீ மூன்றாம் வகுப்பில் பென்சில் போட்டு வைத்த அந்த நீல பிஸ்கட் டின்னில் வருஷ வாரியாக ரப்பர்பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

விண்ணப்பத்தில் டோஹாவில் இருந்ததை மறைக்காதே. பழைய லோனுக்கு அங்கிருந்து கட்டியிருக்கிறாய், லோன் கொடுத்தவர்களுக்கே அது தெரியும். இருந்ததை இருந்தபடி எழுது. அப்புறம், ஃபீஸ் எந்த வகை என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்கும், லோனை ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து என்ற அரசாங்க அமைப்பு தீர்மானிக்கும். ஒருவர் சரி என்றால் மற்றவரும் சரி என்பார் என்று இருந்துவிடாதே. இரண்டு இடத்துக்கும் அதே கடதாசிகள் போக வேண்டும்.

ஒரு டிகிரி முடித்தவளுக்கு இன்னொன்றுக்கு லோன் இல்லையே என்று பயந்தாய் அல்லவா? பொதுவாக இல்லைதான், ஆனால் நர்சிங்குக்கு விலக்கு உண்டு. 2025-26-க்கு ஃபீஸ் வருஷம் 9,535 பவுண்ட், அது லோனில் போகும். வருஷத்துக்கு 5,000 பவுண்ட் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத, அரசாங்க சுகாதார சேவையான என்ஹெச்எஸ்ஸின் உதவிப்பணமும் இருக்கிறது. அதற்கும் முதலில் லோனுக்குத் தகுதி வேண்டும். உனக்கு 25 தாண்டிவிட்டதால் அப்பாவின் சம்பளக் கணக்கைக் கேட்க மாட்டார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் கவலை, தானும் ஏதாவது செய்யவேண்டும் என்று.

கடனை நினைத்து நித்திரை கெடாதே. இந்தப் புதுக் கடனுக்கு வருஷம் 25,000 பவுண்டுக்கு மேல் உழைக்கிற பகுதியில்தான் 9 சதவீதம் எடுப்பார்கள். அம்மம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த நாட்களில், தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் வந்து "தண்ணி வேணுமா அம்மா" என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நீயும்தானே பார்த்தாய். அன்றைக்குத்தான் இந்த எண்ணம் உனக்கு வந்தது என்று எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியரிடம் நாளைக்கே கேள். லீவு தொடங்கினால் அவரைப் பிடிக்க முடியாது. ஒப்பந்தப் பிரதிகளை வெள்ளிக்கிழமைக்குள் ஸ்கேன் பண்ணி அப்பாவுக்கு அனுப்பு, பிரிண்ட் எடுத்து டின்னுக்குள் வைக்கிறோம்.

அன்புடன்,
அம்மா