ஞாயிறு சந்தை நாளில் கொடைக்கானல் மதுக்கடைகளை மூடக் கோரும் மனு

அனுப்புநர்:
மேல்மலை கிராமங்களைச் சேர்ந்த விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள், மகளிர் குழு உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்),
கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: கொடைக்கானலில் வாரச்சந்தை கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு மதுக்கடைகளை மூடுவது, அல்லது அன்று மட்டும் திறக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கிளாவரை பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். மேல்மலை முழுவதற்கும் பொதுவான சந்தை கொடைக்கானலில் ஞாயிறு அன்றுதான் கூடுகிறது. பூண்டு மூட்டை மூட்டையாக வடுகபட்டி மண்டிக்குப் போய்விடும். கேரட், பீன்ஸ், உருளை, மேரக்காய், கொஞ்சம் பட்டர் ஃப்ரூட் என்று மிச்சம் இருப்பது சந்தைக்கு வரும். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும். அதை எடுத்துக்கொண்டு மறுநாள் குடும்பத்தோடு பஸ் ஏறுவார்கள். ஒரு வாரத்துக்கான பருப்பு, எண்ணெய், கருவாடு, பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா எல்லாம் அன்றைக்கே வாங்கியாக வேண்டும். பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர், மன்னவனூர் சுமார் 35 கிலோமீட்டர். உப்பு தீர்ந்தது என்று புதன்கிழமை ஓடி வர முடியாது.

மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. காலையில் கொண்டுவந்த காய் ஏறக்குறைய விற்று முடிந்து, பணம் கைக்கு வருகிற நேரமும் அதுதான். "நீ பருப்பு நிறுத்துக்கிட்டு இரு, இப்ப வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் ஒரு மணி நேரம் கழித்து வருவார். சில பேர் வரவே மாட்டார்கள். பலசரக்குக் கடையில் சாமானெல்லாம் கட்டி வைத்தாயிற்று, கொடுக்கக் காசு இல்லை. கடைக்காரர் நல்லவராக இருந்தால் கடன் நோட்டில் எழுதிக்கொள்வார். இல்லாவிட்டால் கட்டிய பையிலிருந்து எண்ணெய்ப் பாக்கெட்டை முதலில் எடுப்பார், அப்புறம் பருப்பை. எங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பேசியபோது, ஒவ்வொரு பெண்ணும் தன் பையிலிருந்து எடுக்கப்பட்ட சாமானைச் சொன்னார். வாரக் கடைசியில் குழுத் தவணை கட்ட முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

இது மதுவிலக்குக் கோரும் மனு அல்ல. எங்களுக்குள்ளேயே முழுவதும் மூட வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். "என் காசு, நான் குடிக்கிறேன்" என்று கையெழுத்துப் போட மறுத்த இளைஞர்களும் இருக்கிறார்கள். 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் தந்த வியாபாரத்தை ஒரு மனுவால் நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் அளவுக்கு நாங்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நாங்கள் கேட்பது ஒரு வட்டத்தில், வாரத்தில் ஒரு நாள்.

"ஞாயிறு மூடினால் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்வான்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பட்டணத்தில் அப்படித்தான் நடக்கும். மலையில் அவ்வளவு சுலபம் இல்லை. எங்களில் பலருடைய ஊரில் மதுக்கடை கிடையாது. சனிக்கிழமை கூலி வாங்கும்போது இருட்டிவிடும். குவார்ட்டருக்காக மட்டும் காட்டெருமை நிற்கிற ரோட்டில் நகரத்துக்கு வந்து திரும்புகிறவர்கள் சிலர் இருப்பார்கள். ஆனால் சந்தைக்கு வந்த இடத்தில் கடை கண்ணில் பட்டு நுழைகிறவர்கள்தான் அதிகம். இவர்களுக்குத் தூரமே பாதித் தடை. அந்தத் தூரத்தை ஞாயிற்றுக்கிழமை பஸ் கடக்க வைத்துவிடுகிறது.

பிளாக்கில் விற்பார்கள் என்பதையும் மறுக்கவில்லை. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் முதல் நாளே வாங்கிப் பதுக்கி, சந்துக்குள் கூடுதல் விலைக்கு விற்பது ஊரறிந்த விஷயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. ஆகவே கடையை மூடிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அன்று சந்தைப் பகுதியிலும் மேல்மலை பஸ் வழித்தடத்திலும் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவினர் ரோந்து வர வேண்டும். யார் பதுக்குகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் பெயரை வெளியில் விடாமல் இருந்தால் சொல்லவும் தயார்.

ஞாயிறு மூடல் புதிய யோசனை அல்ல. ஸ்வீடனிலும் நார்வேயிலும் நம் ஊர் போலவே வீட்டுக்கு வாங்கிப் போகும் ஒயினையும் கடுமையான சரக்கையும் விற்பது அரசு நிறுவனங்கள்தான். அந்தக் கடைகள் ஞாயிறு திறப்பதில்லை. அமெரிக்காவில் இந்தத் தடை கிறிஸ்தவ ஓய்வு நாள் வழக்கத்திலிருந்து வந்தது. மினசோட்டா 2017இலும் இண்டியானா 2018இலும் அதை எடுத்துவிட்டன. ஜார்ஜியாவில் 2011இல் வந்த சட்டம், ஞாயிறு விற்கலாமா கூடாதா என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று விட்டது. எங்களுக்குப் பிடித்தது அந்த முறை. நாங்கள் ஞாயிறைக் கேட்பது பூசைக்காக அல்ல, சந்தைக்காக. சந்தை செவ்வாய்க்கிழமை கூடினால் செவ்வாயைக் கேட்டிருப்போம்.

பக்கத்தில் கேரளத்தில் 2014 அக்டோபரில் ஞாயிறு மூடலைக் கொண்டுவந்து சில மாதங்களிலேயே கைவிட்டார்கள். சுற்றுலாத் தொழில் பாதிக்கும் என்ற பேச்சு அங்கே பலமாக எழுந்தது. இங்கேயும் விடுதிக்காரர்கள் அதையே சொல்வார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. சனி, ஞாயிறு வருமானத்தில்தான் கொடைக்கானல் ஓடுகிறது, எங்கள் பிள்ளைகள் பலரும் அந்த விடுதிகளில்தான் வேலை பார்க்கிறார்கள். ஆனால் வருகிறவர்கள் பைன் காடும் தூண் பாறையும் பார்க்க வருகிறார்கள் என்றே இன்னும் நம்புகிறோம். 2024 மே முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. பிறகு நீதிமன்ற உத்தரவுப்படி ஒரு நாளைக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனம் என்று கணக்கும் வந்தது. வண்டிக்கு ஞாயிறை வேறு நாளாகப் பார்க்க முடியும் என்றால், சரக்குக்கும் பார்க்கலாம். அன்று பிற்பகல் குடித்துவிட்டு வத்தலக்குண்டு ரோட்டிலும் பழனி ரோட்டிலும் வண்டியை இறக்குகிறவர்களால் ஆபத்து அவர்களுக்கு மட்டும் இல்லை.

ஏழை குடிக்கிற கடையை மூடிவிட்டு ஹோட்டல் பார்களைத் திறந்து வைப்பது நியாயமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயம் இல்லைதான். பார்களையும் சேர்த்து மூடினால் நல்லது. அதனால் இந்த உத்தரவு தள்ளிப்போகும் என்றால், முதலில் சந்தைப் பணத்தை வாங்கும் கடைகளை மூடுங்கள் என்பதே எங்கள் விருப்பம்.

மதுக்கடைக்கு விடுமுறை நாள் அறிவிப்பது அரசின் கையில் இருக்கிறது என்பது தெரியும். ஆனாலும் தேவர் குருபூஜைக்கு ராமநாதபுரத்திலும், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையிலும் மாவட்ட ஆட்சியர் உத்தரவால் கடைகள் மூடப்படுகின்றன. 2022 மே மாதம் காலிப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டத்தை, காட்டு விலங்குகளின் காலைக் கண்ணாடி கிழிக்கிறது என்ற காரணத்தால், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி முதலில் நீலகிரியில்தான் தொடங்கினார்கள். மலைக்கென்று தனி ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்கு அதுவே போதும்.

ஆகவே கொடைக்கானல் வட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஞாயிறு மூடலைச் சோதனையாக நடத்த உத்தரவிடவும், தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையருக்குப் பரிந்துரை செய்யவும் வேண்டுகிறோம். முழு நாள் முடியாது என்றால் ஞாயிறு மட்டும் மாலை 6 மணிக்கு மேல் திறக்கட்டும். அதற்குள் சந்தைச் சனம் பெரும்பாலும் ஊர் திரும்பிவிடும். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்கிறவரை எந்த உத்தரவாலும் திருத்த முடியாது, அவரை வீட்டார் பார்த்துக்கொள்வோம். கடையில் நிற்கிற விற்பனையாளர்களுக்கும் ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு இருக்கக் கிடைக்கும்.

சோதனைக் காலத்தில் விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அரசு மருத்துவமனைக்கு ஞாயிறு இரவு வந்த அடிதடி, விபத்துக் கேஸ்களையும், காவல் நிலையத்துக்கு வந்த குடும்பத் தகராறுகளையும், மகளிர் குழுக்களின் தவணை வசூலையும் முந்தைய ஆறு மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறோம். குழுக் கணக்குப் புத்தகங்களை எப்போது கேட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறோம்.

இந்த மனுவைத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுக்கிறோம். மேல்மலையிலிருந்து திண்டுக்கல் வந்து திரும்ப ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அதனால் விசாரணை இருந்தால் கொடைக்கானல் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே, ஞாயிறு தவிர மற்ற நாளில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்மலை கிராம மக்கள்

நகல்: வருவாய் கோட்டாட்சியர், கொடைக்கானல்; மாவட்ட மேலாளர், டாஸ்மாக், திண்டுக்கல்.