செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிறவனுக்கு

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அக்டோபர் நடுவில் மகளைப் பார்க்க ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போகிறாய் என்று சுந்தரம் சொன்னதும், அங்கே படம் எடுப்பதைப் பற்றி எழுதாமல் கை சும்மா இருக்கவில்லை. தாராசுரத்தில் போலப் படங்கள் வீணாகிவிடக் கூடாதே!

முதலில் சூரியன். நண்பகலில்கூட அது அங்கே 25 பாகைதான் ஏறும். அதே நாளில் மதுரையில் 70க்கு மேல். பத்து மணிக்குக் கேமராவைப் பைக்குள் வைக்கும் நம்மூர்ப் பழக்கத்தை விடு. அங்கே நாள் முழுக்க ஓரவெயில்தான். தொல்லை நிழலால் வரும். பத்து மீட்டர் உயர வீடு 21 மீட்டர் நிழல் போடும். நார்த் ஸ்ட்ரீட்டும் சவுத் ஸ்ட்ரீட்டும் அகலமானவை, பிழைத்துக்கொள்ளும். வடக்கு தெற்காக ஓடும் சந்துகளுக்கு மதியம் ஒரு மணியை ஒட்டிப் போ. மற்ற நேரம் இருட்டுதான்.

ஊரின் அமைப்பு எளிது. விசிறி மடிப்பு போல மூன்று தெருக்கள் கிழக்கே போகப் போக நெருங்கி கதீட்ரல் பக்கம் சேர்கின்றன. அதனால் காலையில் கிழக்கு முனையில் தொடங்கு, மாலையில் தெருக்களுக்கு வா. மேற்கு வெயில் தெருவோடு ஓடிவந்து கதீட்ரலின் மேற்கு முகப்பில் விழும்.

சூரிய உதயம் 7.40 சுமாருக்கு. அரை மணி முன்பே துறைமுகத்தின் நீண்ட கல் அலைத்தடுப்புக்குப் போய், கடலுக்கு முதுகு காட்டி நில். கதீட்ரலின் கிழக்குச் சுவர் இரட்டைக் கூம்போடு நிற்கும், பக்கத்தில் செயின்ட் ரூல்ஸ் கோபுரம். 70 முதல் 100 மி.மீ. லென்ஸ் இரண்டையும் நெருக்கிக் காட்டும். எல்லோரும் சூரியனைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள், நீ திரும்பாதே. அலை மேலேறி அடிக்கிற நாளில் அங்கே கால் வைக்கவே வேண்டாம். உப்புத்துளி லென்ஸில் பட்டால் உலர்துணியால் தேய்க்காதே, கீறிவிடும். நல்ல தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி எடுத்த பிறகு துடை.

கதீட்ரல் வளாகம் திறக்கக் கொஞ்சம் நேரமாகும். செயின்ட் ரூல்ஸ் கோபுரம் 33 மீட்டர். நீ வழக்கம்போல அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்பக்கம் சாயும். 24 மி.மீ. லென்ஸை நெட்டாகப் பிடித்து, கேமராவை மட்டமாக வைத்தால் 42 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கீழ்ப்பாதி வெறும் புல்லாக வரும், அதை வெட்டிவிடு. கதீட்ரலோ 1318இல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்த கோயில். 1559 மதச் சீர்திருத்தக் கலவரத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ போவது ஏதோ பழைய ஊர் என்று நினைக்காதே, நம் தொழிலின் தொட்டில்களில் ஒன்று. புகைப்பட முன்னோடி டால்பட், காகித நெகட்டிவில் படம் எடுக்கும் தன் கலோடைப் முறைக்கு 1841இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார், ஸ்காட்லாந்தில் வாங்கவில்லை. கட்டணம் கட்டாமல் யாரும் செய்து பார்க்கலாம். அவருடைய நண்பர் டேவிட் புரூஸ்டர் இந்த ஊர்க் கல்லூரியில் இருந்தார். அவர் மூலம் முறை டாக்டர் ஜான் ஆடம்சனிடம் வந்தது. ஸ்காட்லாந்தின் முதல் கலோடைப் உருவப்படத்தை எடுத்தவர் அவர். தம்பி ராபர்ட் அவரிடம் கற்றுக்கொண்டு 1843இல் எடின்பரோவில் ஸ்டூடியோ திறந்தான். ஓவியர் ஹில்லோடு சேர்ந்து நாலரை வருடத்தில் சுமார் 3000 படங்கள். 1848இல் செத்தபோது வயது 26. டேய், 26! கதீட்ரல் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறான். அங்கே ஐந்து நிமிஷம் நில், எனக்காக.

அவர்கள் வெயிலில் நிமிஷக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்தார்கள். நீயும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு முறை அப்படிச் செய். மேகமூட்டத்தில் எஃப்/11, ஐஎஸ்ஓ 100இல் 1/15 நொடி வருமென்றால், வெளிச்சத்தைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் பாதியாகும்) போட்டதும் 68 நொடி ஆகும். நடந்து போகிறவர்கள் மறைந்துவிடுவார்கள், நின்று பேசுகிறவர்கள் மட்டும் ஆவிபோல இருப்பார்கள். ஃபில்டரை மாட்டும் முன்பே ஃபோகஸைப் பூட்டிவிடு, பிறகு எதுவும் தெரியாது. கண் வைக்கும் துளையைக் கறுப்புத் துணியால் மூடு. இல்லாவிட்டால் வெளிச்சம் கசிந்து படத்தில் திட்டு விழும். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதே, கடல்காற்றுக்கு ஆடும்.

பல்கலைக்கழகத்தின் செயின்ட் சால்வேட்டர் கோபுரத்தடிக் கல்தரையில் பி.எச். என்று எழுத்துகள் பதித்திருக்கும். 1528இல் மதச் சீர்திருத்தக்காரர் பாட்ரிக் ஹாமில்டனை எரித்த இடம். மிதித்தால் தேர்வில் தோல்வி என்று மாணவர்கள் சுற்றிப் போவார்கள். அந்தக் கால்கள்தான் படம். முழங்காலிட்டு எடு.

கோட்டையில் 1546-47 முற்றுகையின் சுரங்கம் உண்டு. வெளியே இருந்தவர்கள் தோண்டியது அகலம். உள்ளே இருந்தவர்கள் சத்தத்தை வைத்துத் தேடித் தோண்டியது குறுகல், கோணல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஐஎஸ்ஓ 3200, 1/30 நொடி. ஃப்ளாஷ் வேண்டாம், பாறையின் உளித்தடமெல்லாம் தட்டையாகிவிடும்.

ஞாயிறு கையில் இருந்தால் நல்லது. ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் வழக்கமாக அன்று கோல்ஃப் கிடையாது, அங்குள்ள ஸ்வில்கன் கல்பாலம்வரை நடக்கலாம். அன்றே ஆராதனை முடிந்ததும் மாணவர்கள் சிவப்பு அங்கியோடு அலைத்தடுப்புக்கு வருவது பழைய வழக்கம். திரும்பும்போது மேல்சுவர் மீது வரிசையாக நடப்பார்கள். சாம்பல் கடலுக்கு முன் அந்தச் சிவப்பு கேமராவை ஏமாற்றும், சிவப்பு அளவுக்கு மீறிப் பதிந்து மடிப்பெல்லாம் மறையும். 2/3 ஸ்டாப் குறைத்து எடு.

ராத்திரி அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடு. அரை மணி கழித்துத் திற, இல்லாவிட்டால் ஹீட்டர் வெப்பத்தில் லென்ஸ் வியர்க்கும்.

படங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதே, நசுக்கிவிடும். ரா ஃபைலாக (கேமரா பதிந்த மூலக் கோப்பாக) டிரைவில் போடு. வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்