பூத் சிலிப்போடு இன்னொரு தாள்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருந்து ஆர்.கே.நகர் வாக்காளர் எழுதுகிறேன். வேட்பாளர்கள் மீதுள்ள வழக்கு விவரம் ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சொத்துக்குவிப்பு வழக்கில் பெங்களூரு தனி நீதிமன்றம் முதல்வர் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. எங்கள் தெருவில் கடை ஷட்டர்கள் மளமளவென்று இறங்கின. என் தாயார் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். அவர் அழுததைத் தப்பு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் நீடிக்க இடம் தந்த சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையிலேயே ரத்து செய்திருந்தது. அதனால் எம்.எல்.ஏ. பதவி உடனே போனது. நல்ல தீர்ப்பு அது. ஆனால் வழக்கு, 1991 முதல் 1996 வரை சேர்த்த சொத்தைப் பற்றியது. தண்டனை வருவதற்குள் இரண்டு பொதுத் தேர்தல்களில் மக்கள் அவர் கட்சியை ஆட்சியில் அமர்த்திவிட்டார்கள்.

அப்புறம்தான் எங்கள் தொகுதி கதைக்குள் வருகிறது. 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் போட்டியிட வழிவிட்டு, ஆறாம் நாள் எங்கள் எம்.எல்.ஏ. ராஜினாமா செய்தார். ஜூன் இடைத்தேர்தலில் ஒன்றரை லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயலலிதாவை ஜெயிக்கவைத்தோம். 2016-லும் அவரே. அந்த டிசம்பரில் இறந்தார். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, அதே வழக்கில் இருந்த மற்ற மூவரின் தண்டனையை உறுதி செய்தது. இறந்துவிட்டதால் ஜெயலலிதா மீதான வழக்கு அற்றுப்போனது. ஏப்ரல் இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாக உங்கள் ஆணையமே ரத்து செய்தது. டிசம்பர் வரை, ஒரு வருடத்துக்கும் மேல், எங்களுக்கு எம்.எல்.ஏ. இல்லை. தண்ணீர் லாரி, பட்டா, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், எதற்கு யாரிடம் போய் நிற்பது?

ஒரு கட்சியைக் குறிவைத்து எழுதவில்லை. 2023 டிசம்பரில் தி.மு.க. அமைச்சர் பொன்முடிக்கு உயர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது; அடுத்த மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அந்த வழக்கும் 2006-க்குப் பிந்தைய ஆட்சிக்காலத்தைப் பற்றியதுதான்.

தீர்ப்பு வரும்வரை முடிவு எடுக்க வேண்டியவர் வாக்காளர் ஒருவர்தான். அவர் கையில் என்ன இருக்கிறது? வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் அலுவலகப் பலகையில் ஒட்டுகிறீர்கள், இணையத்திலும் போடுகிறீர்கள், சரி. மீன் கூடை தூக்கும் பெண் அந்தப் பலகையைப் பார்க்க எப்போது போவார்? வழக்கு விவரத்தை வேட்பாளரே விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் பேப்பரில் எங்கோ ஓரத்தில் கிடக்கிறது.

பூத் சிலிப் மட்டும் வீடு தேடி வருகிறது. அதோடு இன்னொரு தாள் கொடுங்கள். ஒவ்வொரு வேட்பாளர் மீதும் என்ன வழக்கு, எந்த ஆண்டில் பதிவானது, இப்போது எந்த நீதிமன்றத்தில் நிற்கிறது, அவ்வளவு போதும். சட்டப்பிரிவு எண்ணாக இல்லாமல், ‘லஞ்சம்’, ‘சொத்துக்குவிப்பு’ என்று தமிழில் இருக்க வேண்டும்.

என் தாயாருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஆர்.கே.நகர் வாக்காளர்