எல்லா ஃபோட்டானையும் எறிய வேண்டியதில்லை

ஆசிரியருக்கு,

சிலி நாட்டின் ரூபின் வானாய்வகம் பற்றிய கட்டுரையில், சிமுலேஷன் படங்களில் (கணினியில் உருவாக்கும் ஒத்திகைப் படங்கள்) வானத்தின் பின்னணி ஒளி 'வேகத்துக்காகத் தோராயமாக நிரப்பப்படுகிறது' என்றிருந்தது. பாதிதான் சரி.

அந்தக் கேமராவில் ஒளியை மின்னூட்டமாக்கும் 189 சிசிடி சில்லுகள். ஒவ்வொன்றிலும் சுமார் 1.6 கோடி பிக்சல். நிலவில்லாத இரவில் சிவப்பு வடிகட்டியோடு 30 வினாடி படமெடுத்தால், வெறும் வானமே பிக்சலுக்கு 800, 900 எலெக்ட்ரான் தரும். ஓர் எலெக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) என்று கொண்டால், ஒரு சில்லுக்கு ஏறக்குறைய 1,400 கோடி ஃபோட்டான். கணினியில் அவற்றை ஒவ்வொன்றாக எறிந்து பார்ப்பதென்றால், வினாடிக்குப் பத்து லட்சம் வீதம் எறிந்தாலும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஓடும்.

எனவே பிக்சலுக்கான சராசரியைக் கணக்கிட்டு, பாய்சான் பரவலிலிருந்து (தற்செயலாக வந்து விழுபவற்றின் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கும் என்று சொல்லும் புள்ளியியல் விதி) ஒரே ஓர் எண்ணை எடுத்துவிடுகிறார்கள். இது தோராயமே அல்ல. பிக்சல்கள் ஒன்றையொன்று பாதிக்காதவரை, ஒவ்வொன்றாக எறிந்தாலும் இதே புள்ளியியல்தான் வரும்.

ஆனால் பாதிக்கின்றனவே! 100 மைக்ரான் தடிமனுள்ள சிலிக்கானில் பிக்சலின் எல்லை வெறும் மின்புலம், சுவர் இல்லை. பிரகாசமான நட்சத்திரம் விழுந்த பிக்சலில் எலெக்ட்ரான் சேரச் சேர, பின்னால் வருவது பக்கத்துப் பிக்சலுக்கு ஒதுங்கும். நிரம்பிய பிக்சலின் பரப்பு சுருங்கும். படிகம் வளர்ந்தபோது பதிந்த மரவளையம் போன்ற கோடுகளும் பரப்பை மாற்றும். ஆகவே நட்சத்திரங்களை முதலில் வரைந்து, அந்த மின்னூட்டத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பிக்சலின் பரப்பையும் கண்டு, வானச் சராசரியை அதனால் பெருக்கிய பிறகே பாய்சான் எண்ணை எடுக்க வேண்டும். வானப் படங்களைக் கணினியில் உருவாக்கும் கால்சிம் (GalSim) மென்பொருளில் இதற்கு வசதி உண்டு.

தோராயம் நுழைவது இங்கேதான். நிஜத்தில் நட்சத்திர ஒளியும் வான ஒளியும் ஒரே நேரத்தில் நிரம்புகின்றன. கடைசிப் பரப்பை வைத்துப் பெருக்கினால் சுருக்கம் சற்று மிகையாகும். வானத்துக்கு இது பொறுக்கலாம். பிக்சல்களுக்கிடையிலான தொடர்பையே அளக்க உதவும் ஃப்ளாட் படங்களுக்கு (சில்லு முழுவதும் ஒரே சீராக ஒளி பாய்ச்சி எடுப்பவை) பொறுக்காது. ஒளியைத் தவணை தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தவணைக்கும் பரப்பைத் திரும்பக் கணக்கிட்டாக வேண்டும்.

இதைவிடச் சாதாரணத் தவறுகளே படத்தை அதிகம் கெடுக்கும். ஃபோட்டான் எறிந்து வரைந்த விண்மீன் மண்டலத்தில் இரைச்சல் (எண்ணிக்கையின் தற்செயல் ஏற்ற இறக்கம்) ஏற்கெனவே இருக்கிறது. வானத்தைக் கூட்டிய மொத்தத்தின் மேல் மறுபடி பாய்சான் போட்டால் அது இருமுறை சேர்ந்துவிடும். வானத்துக்கு மட்டும் போட்டுக் கூட்டுவதே முறை. அதேபோல் எல்லாச் சில்லுக்கும் எல்லா இரவுக்கும் ஒரே சீட் எண்ணை (கணினி தற்செயல் எண்களைத் தொடங்கும் எண்) கொடுத்தால், நூறு படங்களை அடுக்கினாலும் இரைச்சல் பத்திலொரு பங்காகக் குறையாது, அப்படியே நிற்கும்.

வாசகர், கோயம்புத்தூர்